தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்கு இலங்கை அரசாங்கம் உண்மையில் ஏதாவது செய்கிறதா?

செய்கிறது. நீங்கள் கொழும்புப் பக்கம் பெரிய கொம்பனியில் இருப்பவர் போலத் தெரிகிறது, அதனால் வன்னி நிலைமையைச் சொல்கிறேன்.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலேயே வந்துவிட்டது. ஓடுகிற பெல்ட்டுக்கு மறைப்புப் போடவேண்டும், ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் காயப்பட்டால் அறிவிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைப் பார்க்கவென்றே தொழில் திணைக்களத்தில் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் விபத்து நடந்தது அவர்கள் காதுக்குப் போனால்தானே வருவார்கள்?

என் சித்தப்பா பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்லில் வேலை செய்தவர். மோட்டரில் இருந்து நெல்லுக் குத்தும் ஹலருக்குப் போகும் பெல்ட் அடிக்கடி கழலும். ஒவ்வொரு முறையும் கம்பிவலையைக் கழற்றிப் பூட்ட நேரம் போகிறது என்று அதைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டார்கள். அறுவடைக் காலம், வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓடும் பெல்ட்டில் தவிட்டைத் தட்டப்போனவரின் சட்டைக்கை சிக்கி, இடதுகையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, "வீட்டில் கதவுக்குள் நசிந்தது என்று சொல்லுங்கோ அண்ணை, செலவை நான் பார்க்கிறன்" என்றார் முதலாளி. சித்தப்பாவும் அப்படியே சொன்னார். முதல் மாதச் செலவோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

எல்லா மில்காரரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு வேலை கொடுப்பவர்களைக் குறை சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வலையைத் திரும்பப் பூட்டப் பத்து நிமிடம் போதும், அதைத்தான் கேட்கிறேன்.

பிறகு நட்டஈடு கேட்டு எழுதினோம். பதில் சிங்களத்தில் வந்தது! 1987இல் இருந்து தமிழும் அரசகரும மொழி. கிளிநொச்சியில் இருக்கும் ஒருவருக்கு வந்த கடிதத்தை வாசிக்க வவுனியாவுக்குப் போய் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இதை எத்தனை தரம் சொல்வது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தி உச்சத்தொகையை 20 இலட்சம் ரூபாயாக்கினார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் இப்போது அதில் சேரும். நல்ல காரியம். ஆனால் யாருக்காவது அடிபட்டால், மெஷினில்தான் பட்டது என்று டொக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் காயத்தை எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டை வேறு யார் கையிலும் கொடுக்கவேண்டாம்.