பிரதேச செயலக அலுவல்கள்: கேள்விகளும் பதில்களும்

பிரதேச செயலகப் பதிவுக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மண்டூர் வாசகி: ஐயா, அம்மா 1963இல் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். எங்கள் பிரதேச செயலகமான வெல்லாவெளிக்குத்தான் போக வேண்டுமா? எங்களுக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் படகில்) ஏறிக் குருமண்வெளியில் இறங்கினால் களுவாஞ்சிகுடிதான் வசதி.

மகள், பிரதி எடுக்க மட்டும் என்றால் களுவாஞ்சிகுடிக்கே போங்கள். 1960க்குப் பிந்திய பிறப்புப் பதிவு கணினியில் ஏறியிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். திருத்தம் அப்படி இல்லை. பிறப்பு பதியப்பட்ட பிரிவின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான் போக வேண்டும்.

அதற்கு முன் எது பிழை என்று முடிவு செய்யுங்கள். பிறப்புப் பதிவு சரி, அட்டைதான் பிழை என்றால் அட்டையைத் திருத்தினால் போதும். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு அலைகிறார்கள். பதிவில்தான் பிழை என்றால், பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் பெயர் மாற்ற 27ஆம் பிரிவு, மற்ற விபரங்களுக்கு 52ஆம் பிரிவு. பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கலியாணப் பதிவு, பழைய ஆவணம் எது கிடைத்தாலும் கொண்டு போங்கள். எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. ஒப்படைக்கும் விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வாகரை: பிள்ளை பிறந்து நாலு மாதம், இன்னும் பதியவில்லை.

42 நாளுக்குள் என்றால் இலவசமாக முடிந்திருக்கும். மூன்று மாதம் தாண்டியதால் காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகத்துக்கு இந்தக் கிழமையே போங்கள்.

கிரான்: வெள்ளத்தில் வயல் அழிந்தது. ஜி.எஸ். (கிராம சேவகர்) "பட்டியலில் பேர் போயிருக்கு" என்கிறார். காசு வரவில்லை.

தம்பி, வீடு சேதமென்றால் ஜி.எஸ். வயலென்றால் கமநல சேவை நிலையமும் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையும். முதலில் உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அங்கே எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

செங்கலடி: ஐயா, இப்படி எழுதிப் போட்டால் அதிகாரி மனதில் வைத்திருப்பார். நாளைக்கு வேறு அலுவலுக்கும் அவரிடம்தானே போக வேண்டும்?

அக்கரைப்பற்று: உண்மை. எங்கள் ஊரில் எம்.பி.யின் கடிதம்தான் வேலை செய்யும்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இது எனக்கு மிக முக்கியம். எம்.பி. கடிதத்தோடு வருபவரின் வேலையை முதலில் செய்யும்போது, வரிசையில் நிற்கும் கைம்பெண்ணின் கோப்பு கீழே போகிறது. அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான். எழுத்தில் வந்த கேள்வியை அப்படிக் கீழே தள்ள முடியாது, பதிவேட்டில் திகதி ஏறிவிடும். நேர்மையான அலுவலருக்கு அது பாதுகாப்பும்கூட. பயம் இருந்தால் "எனது விண்ணப்பத்தின் நிலை என்ன" என்று மரியாதையாக ஒரே வரியில் கேளுங்கள்.

செங்கலடி: பதில் தராவிட்டால்?

மேன்முறையீட்டைக் கேட்க அந்த நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அப்புறம் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆனால் கைவசம் முத்திரை வைத்த பிரதி வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், முத்திரை.

ஏறாவூர், வாழைச்சேனை, ஆரையம்பதி: அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) ஏன் நின்றது?

மூவருக்கும் ஒரே பதில். பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவு, அல்லது 1924 தொலைபேசி இலக்கம். உங்கள் குடும்பத்துக்கு ஏன் நின்றது என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. இதே கேள்வியைத் திரும்பப் போட வேண்டாம்.

காத்தான்குடி: ஒரே காணிக்கு இரண்டு உறுதிப் பத்திரம் இருக்கிறது.

இது என் துறை இல்லை. வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள்.

திருக்கோவில்: அம்பாறையில் இருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. வாசிக்க ஆளில்லை.

அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி தமிழும் அரச கரும மொழி, கிழக்கில் நிருவாக மொழி. உங்கள் கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கடித இலக்கத்தைக் குறிப்பிட்டு, தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். வராவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். கடிதத்தில் ஏதும் கடைசித் திகதி இருக்கலாம், ஆகவே சிங்களம் தெரிந்த யாரிடமாவது இன்றைக்கே காட்டி அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.