லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனால் ஸ்கிரீன் வரவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் மதர்போர்டு என்று சொன்னவர் அதற்கு முன் என்னென்ன பார்த்தார் என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். போர்டில் இருக்கும் சின்னச் சின்ன சிப்களைக் கழற்றி மாற்றும் சிப் லெவல் வேலை எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் வருடம் முழுக்கப் பிள்ளைகள் "சார், டிஸ்ப்ளே வரல" என்று தூக்கிக்கொண்டு வருவது என் மேஜைக்குத்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்பவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை.

கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் வந்தால் உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. படம்தான் வெளியே வரவில்லை. நீங்கள் தொடாமலே அந்த விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் அது வேறு கதை. ஹெச்பி மாதிரி கம்பெனிகளில் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதை வைத்தே என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம், அவர்கள் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை ஸ்கிரீன்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் பேனல், அதாவது ஸ்கிரீன் பலகை, படம் காட்டுகிறது, பின்னாலிருந்து அதற்கு வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லையா, வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்துங்கள். டிவியில் படம் வந்துவிட்டால் போர்டு போச்சு என்ற பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். டெல் லேப்டாப் என்றால் டி எழுத்தை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைப் போடுங்கள். பேனல் நன்றாக இருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் கலராக வரும்.

மூடியை மெதுவாக அசைக்கும்போது ஒரு கோணத்தில் மட்டும் படம் வந்து வந்து போனால், மூடி மடங்கும் ஹின்ஜ் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள்மேல் சந்தேகப்படலாம். விலை குறைந்த லேப்டாப்பில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2016-ல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவிலேயே இந்தக் கேபிள் தேய்ந்து, 2019-ல் ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டி வந்தது.

இப்போது என் சித்தி வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

லேப் டெக்னீஷியன் என்றேன் அல்லவா, ஏப்ரல், மே வந்தால் அது பெயருக்குத்தான். கையில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கு இத்தனை சீட் என்று டார்கெட். வரவில்லை என்றால் சம்பளத்தில் கை வைப்பார்கள். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று "உங்க பையன் கட் ஆஃப் எவ்வளவுங்க" என்று கேட்பதற்கா நான் டிப்ளமோ படித்தேன்? அப்புறம் இன்ஸ்பெக்‌ஷனில் லேப் மெஷின் ஓடவில்லை என்றால் திட்டு வாங்குவதும் நானேதான். சரி, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, விடுங்கள்.

அப்படி ஈரோட்டுப் பக்கம் போனபோது சித்தி வீட்டில் தங்கினேன். சித்தி மகன் ஐடி கம்பெனியில், வீட்டிலிருந்தே வேலை. அவன் சொந்த லேப்டாப்பில் உங்களுக்கு இருக்கும் இதே பிரச்சினை. விளக்கு எரியும், ஃபேன் சத்தம் கேட்கும், ஸ்கிரீன் இருட்டு. இதில் வேடிக்கை, கடைக்குக் கொண்டுபோனால் வருகிறது, வீட்டுக்கு வந்தால் போகிறது. முதலில் விண்டோஸ் மாற்றினார்கள், காசு. அப்புறம் கேபிள் மாற்றினார்கள், அதற்கும் காசு. கடைசியில், "அண்ணா, போர்டுல லூஸ் கான்டாக்டாம், போர்டே மாத்தோணுமாம்" என்றான்.

பார்க்கலாம் என்று சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தேன். ஸ்கிரீன் வந்துவிட்டது! "நீ கை வெச்சதும் வந்துருச்சு பாரு கண்ணு" என்று சித்திக்கு ஒரே பெருமை. திரும்ப மேஜைமேல் வைத்தேன், போய்விட்டது. அப்போதுதான் பார்த்தேன், வெறும் மேஜைமேல் அல்ல, மூடி வைத்த கம்பெனி லேப்டாப்மேல் வைத்திருக்கிறான். இடம் அடைக்கக் கூடாதென்று ஒன்றன்மேல் ஒன்று.

லேப்டாப் மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தம் இருக்கும். மூடும்போது அந்தக் காந்தம், கை வைக்கும் இடத்துக்குக் கீழே இருக்கிற, காந்தத்தை உணரும் ஹால் சென்சார் பக்கம் வரும். உடனே மெஷின் 'மூடிவிட்டார்கள்' என்று ஸ்கிரீனை அணைத்துவிடும். கீழே கிடந்த கம்பெனி லேப்டாப்பின் காந்தம் மேலே இருந்ததன் சென்சாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. மூடினாலும் டவுன்லோட் நிற்கக் கூடாதென்று இவன் ஸ்லீப்பை நிறுத்தி வைத்திருந்ததால் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சொன்னால் நம்பவில்லை. சித்தியிடம் ஒரு ஊக்கு கேட்டேன். தாலிச் சரட்டில் இருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் கம்பெனி லேப்டாப்பின் மூடி ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன், ஒரு இடத்தில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் தெரியாததற்கெல்லாம் 'போர்டு' என்று பெயர் வைத்துக் காசு வாங்குவது என்ன நியாயம்?

உங்களுடையதும் காந்தம்தான் என்று நான் சொல்லவில்லை. 'ஒரு காந்தக் கதையை வைத்து டெக்னீஷியன் ஆகிவிட்டார்' என்று எழுத வருபவர்கள் மேலே உள்ளதை இன்னொரு தடவை படிக்கவும். ஆனாலும் காந்தக் கொக்கி வைத்த வாட்ச், ஃபோன் கவர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் ஒருமுறை போட்டுப் பார்ப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

அதற்கும் வரவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றுகிற மாதிரி இருந்தால் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். வாரண்டி முடிந்த மெஷின் என்றால் ரேம் என்கிற மெமரி பட்டையைக் கழற்றி, பித்தளை நிறத்தில் இருக்கும் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டலாம். என் மேஜைக்கு வருவதில் நிறைய இதிலேயே சரியாகிவிடும். வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம். டிஸ்ப்ளே கேபிளை நீங்களாகப் பிடுங்கவும் வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அதைத் தொட்டால் பேக்லைட் ஃபியூஸ் போய், இல்லாத செலவு வந்து சேரும்.

எல்லாம் பார்த்தும் போர்டுதான் என்றால் மாற்றச் சொல்லுங்கள், ஆனால் கொடுப்பதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பிட்லாக்கர் (விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டு) ரெக்கவரி கீ இருக்கிறதா பாருங்கள். 48 இலக்க எண். பல விண்டோஸ் 11 மெஷின்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், போர்டு மாறியதும் அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் ஸ்கிரீன் பளிச்சென்று வந்தாலும் உள்ளே இருக்கும் ஃபோட்டோ, ப்ராஜெக்ட் எதையும் எடுக்க முடியாது. எண்ணைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.