போரில் அரசு யார் வாயால் பேசுகிறது? – வாசகர் கேள்வி பதில்

பாலக்கோடு வாசகி ஒருவர்: நாளை குழாயில் தண்ணீர் வரும் என்று அரசு அறிவித்தால் குடத்தை எடுத்து வைக்கத் தயங்கும் எங்கள் ஊர்க்காரர்கள், போர்ச் செய்தியை மட்டும் மறுபேச்சின்றி நம்புகிறார்களே, ஏன்?

போர்க்காலத்தில் அரசு தன் வாயால் பேசுவது குறைவு. மக்கள் ஏற்கெனவே நம்புகிறவர்களின் வாயால்தான் அதிகம் பேசுகிறது. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ஜார்ஜ் கிரீல் தலைமையில் அமைந்த பொதுத் தகவல் குழு, திரையரங்குகளில் படச்சுருள் மாற்றும் நான்கு நிமிட இடைவெளியில் எழுந்து பேசுவதற்காகவே ஏறத்தாழ 75,000 தன்னார்வலர்களைத் திரட்டியது. குறிப்புகள் தலைநகரிலிருந்து வந்தன. பேசியவரோ உள்ளூர் மனிதர். தெரிந்த முகம் சொல்லும்போது அதை அரசாங்க அறிவிப்பு என்று யார் நினைப்பார்கள்? அதற்கு முன்பே, 1914-இல், பிரிட்டன் பெயர்பெற்ற எழுத்தாளர்களை ரகசியமாகக் கூட்டி, அவர்களைக் கொண்டு எழுதுவித்த நூல்களைத் தனியார் பதிப்பகங்களின் பெயரில் வெளியிட்டது.

1990 அக்டோபரில் நடந்ததை நான் இன்னும் கொடியதாகக் கருதுகிறேன். நயீரா என்று மட்டும் அறிமுகமான 15 வயதுப் பெண், குவைத் மருத்துவமனையில் இராக்கியப் படையினர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைப் பார்த்ததாக, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் அழுதபடி சொன்னாள். அதிபர் புஷ் அதைப் பலமுறை எடுத்துக் கூறினார். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அந்தச் சாட்சியத்தின் பின்னால் ஒரு விளம்பர நிறுவனம் இருந்ததும், இராக்குக்கு எதிரான வளைகுடாப் போர் முடிந்து 1992-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. குவைத்தை இராக் ஆக்கிரமித்தது உண்மை. அந்த உண்மையின் மீது சாய்ந்துதான் இந்தக் கதை நின்றது.

ஓசூர் வாசகர் ஒருவர்: நம் பகுதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நம்பிக்கைக்குரிய வாய்களைத் தேடும் அரசு, தனக்கு உதவாத வாய்களை அடைக்கவும் செய்யும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, மக்களைக் கேளாமலே பிரிட்டிஷ் அரசு இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகிய 1939-இல், தாமும் சென்னை மாகாணப் பிரதமர் பதவியைத் துறந்தார். பேச்சுரிமைக்காக நடந்த தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போது, 1940 டிசம்பரில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதாகி ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தச் சத்தியாக்கிரகிகள் செய்த குற்றம், போருக்கு ஆளும் பணமும் தரலாகாது என்று பொது இடத்தில், அதுவும் முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு, பேசியதுதான்.