வெள்ளம் மினிட் புத்தகத்தை அடித்துச் சென்ற பிறகு கடனை மெய்ப்பிப்பது எப்படி?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஓர் ஆலயச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். 2022 மார்ச் 13, ஞாயிறு மாலை கூடிய செயற்குழு, மண்டபக் கூரை வேலைக்காக என்னிடம் 180,000 ராண்ட் கடன் பெற்று, 2023 டிசம்பர் 31 அன்று திருப்பித் தருவதாகத் தீர்மானித்தது. மறுநாள் பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தினேன். கூட்டம் இரவு ஒன்பது மணிக்கு முடிந்ததும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பான மினிட்ஸைத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி, இணையத்தில் டைம்ஸ்டாம்ப் எனப்படும் கால முத்திரையும் பெற்றேன். காலையில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். கையொப்பமிட்ட மினிட் புத்தகம் அந்த ஏப்ரல் வெள்ளத்தில் அழிந்துவிட்டது. கணினியில் தேதியை யாரும் மாற்றலாம், இது பிறகு தயாரித்த கோப்பு என்று இப்போதைய குழு மறுக்கிறது. நீதிமன்றம் என் கோப்பை ஏற்குமா?

பதில்: ஏற்கும். ஆனால் ஏற்றுக்கொள்வதும் நம்புவதும் வேறு வேறு என்பதையும், உங்களுக்கு உண்மையான ஆபத்து நீங்கள் கேட்காத ஓர் இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஏற்பு. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டின் 25ஆம் எண் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சான்றைத் தள்ளக் கூடாது என்கிறது. மூல வடிவில் இல்லை என்ற ஆட்சேபணையையும், அதைக் கொண்டுவருபவர் நியாயமாகப் பெறக்கூடிய மிகச் சிறந்த சான்று அதுவே என்றால் எழுப்ப முடியாது. குவாசுலு-நட்டாலை 2022 ஏப்ரலில் தாக்கிய வெள்ளம் ஊரறிந்தது. எனினும், புத்தகம் எங்கே வைக்கப்பட்டிருந்தது, தண்ணீர் எதுவரை ஏறியது, அழிந்ததை யார் பார்த்தார்கள் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொன்னால்தான் அந்த விதி உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்து நம்பகம். அதே பிரிவின்படி, கோப்பு உருவாக்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, அனுப்பப்பட்ட முறையின் நம்பகத்தன்மையையும், அதன் முழுமை காக்கப்பட்ட விதத்தையும், உருவாக்கியவர் யார் என்று அடையாளம் கண்ட விதத்தையும் நீதிமன்றம் எடைபோடும். கோப்பின் பண்புகளில் தெரியும் தேதி கணினிக் கடிகாரத்தைப் பின்பற்றுவது. கடிகாரத்தை மாற்றினால் அதுவும் மாறும். இந்த அளவுக்கு எதிர்த்தரப்பு சொல்வது சரியே. ஆனால் உங்கள் கால முத்திரை உங்கள் கணினியின் கடிகாரத்தைச் சார்ந்ததன்று. கோப்பிலுள்ள ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் கொண்டு ஷா-256 போன்ற ஒரு கணிதமுறை 64 எழுத்தெண்கள் கொண்ட ஹாஷ் என்னும் கைரேகையை உண்டாக்குகிறது. அந்தக் கைரேகை மட்டும் முத்திரை வழங்கும் நிறுவனத்துக்குப் போகிறது. மினிட்ஸின் உள்ளடக்கம் போவதில்லை. நிறுவனம் தன் கடிகார நேரத்தை அதனுடன் சேர்த்து, தனக்கு மட்டுமே தெரிந்த மறையெண்ணான ரகசியச் சாவியால் மின்கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. 2001இல் வெளியான ஆர்.எஃப்.சி 3161 என்ற தரநிலை இந்த நடைமுறையை வகுத்திருக்கிறது. பிறகு கோப்பில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும் கைரேகை பொருந்தாது.

முத்திரை இட்ட நிறுவனமே பழைய தேதியைப் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். 1991இல் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும் இதே ஐயத்துக்கு விடையாக, ஒவ்வொரு முத்திரையையும் முந்தியதன் கைரேகையோடு சங்கிலியாகக் கோக்கும் வழியை முன்வைத்தார்கள். உங்கள் சேவை அப்படிச் செய்கிறதா, அதன் கடிகாரமும் சாவியும் தணிக்கைக்கு உட்பட்டவையா என்பதை அதன் கொள்கை ஆவணத்திலிருந்து எடுத்து வையுங்கள். அது ஐரோப்பிய நிறுவனமானால் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: தகுதிபெற்ற கால முத்திரையின் நேரம் சரியென்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 910/2014 ஒழுங்குமுறை அனுமானிக்கிறது, டர்பன் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. நம் சட்டம், அங்கீகாரம் பெற்ற வகையான மேம்பட்ட மின்கையொப்பத்துக்குத்தான் செல்லுபடியாகும் என்ற அனுமானத்தைத் தருகிறது, கால முத்திரைக்கு அன்று.

நீங்கள் கவனிக்கத் தவறக்கூடிய ஒரு சிறு விவரம் வழக்கையே கவிழ்க்கலாம். இவ்வகை முத்திரையில் நேரம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரக் கணக்கில் பதிவாகும், நம் கடிகாரம் அதைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காட்டும். இரவு பத்தே காலுக்கு நீங்கள் பெற்ற முத்திரை 20:15 என்றே காட்டும். கூட்டம் ஒன்பதுக்கு முடிந்ததென்றால் மினிட்ஸ் எட்டேகாலுக்கே எப்படித் தயாரானது என்று குறுக்கு விசாரணையில் கேட்டு, நீங்கள் தடுமாறினால், உண்மையான சான்றே பொய்போலத் தோன்றிவிடும். இதை உங்கள் முதல் பிரமாணப் பத்திரத்திலேயே விளக்கிவிடுங்கள்.

முத்திரை மெய்ப்பிப்பது ஒன்றைத்தான்: இந்தக் கோப்பு இந்த நேரத்துக்குப் பிந்தி உருவானதன்று. கூட்டம் நடந்ததா, உறுப்பினர்கள் ஒப்பினார்களா, கடன் வாங்கச் சங்க விதிகள் செயற்குழுவுக்கு அதிகாரம் தந்தனவா என்பவற்றைப் பற்றி அது வாய் திறக்காது. அந்த இடைவெளியை மறுநாள் சென்ற மின்னஞ்சலும், வங்கி அறிக்கையும், கூட்டத்தில் இருந்தவர்களின் வாய்மொழிச் சாட்சியமும் நிரப்ப வேண்டும். என் கணிப்பில், உறுப்பினர் ஒருவரின் பெட்டியில் இன்னும் கிடக்கும் அந்த மின்னஞ்சல் முத்திரைக்குச் சமமான பலமுள்ளது, ஏனெனில் அது உங்கள் கையில் இல்லாத பிரதி. இணைப்பின் கைரேகையும் உங்கள் கோப்பின் கைரேகையும் ஒன்றே என்று கணினித் தடய நிபுணர் சொல்லிவிட்டால், பின்னால் தயாரித்தது என்ற வாதம் நிற்காது. வழக்கமான அலுவலின் போக்கில் உண்டான பதிவை அலுவலர் சான்றளித்தால் போதும் என்ற 15(4) உட்பிரிவை நம்ப வேண்டாம். நீங்கள் இப்போது பொறுப்பில் இல்லை.

ஆகவே அந்தக் கோப்பைத் திறந்து மீண்டும் சேமிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், நீதிபதி பார்ப்பாரே என்று ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, மாறாத பிரதி வேறெங்கும் இல்லாமல் நின்றார். மூலக் கோப்பு, முத்திரைக் கோப்பு, நிறுவனத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சான்றிதழ்கள் ஆகியவற்றை இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுத்து வையுங்கள். சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால், அதற்குள் கோப்புக்கும் பழைய முத்திரைக்கும் சேர்த்துப் புதிய முத்திரை ஒன்று பெறுவது நல்லது. அச்சுப்பிரதியில் இந்தக் கைரேகையைச் சரிபார்க்க முடியாது. கோப்பையே ஒப்படைக்க வேண்டும்.

இனி, நீங்கள் கேட்காதது. 1969ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடன், திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளில் அழிந்துபோகும். உங்கள் தீர்மானம் 2023 டிசம்பர் 31 என்று நாள் குறித்தது நல்லதாயிற்று. கேட்கும்போது தருவது என்று மட்டும் எழுதியிருந்தால், அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல் டிரினிட்டி வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, பணம் கைமாறிய நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கியிருக்கக்கூடும். ஆக 2026 டிசம்பர் முடிவதற்குள் சங்கத்திடம் நீதிமன்றச் சம்மன் முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது மட்டும் போதாது. கோரிக்கை 200,000 ராண்டுக்கு உட்பட்டதால் மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். தீர்மானம் செல்லாதென்று வந்தால், கூரை உங்கள் பணத்தில் வேயப்பட்டது என்ற அடிப்படையில் முறையற்ற ஆதாயத்தைத் திருப்பிக் கேட்கும் மாற்றுக் கோரிக்கையையும் அதே மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் பணம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். கடன் உண்டு, தவணை கொடுங்கள் என்று சங்கம் எழுதிப் பதில் தந்தால், அந்த ஒப்புதலின் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். அப்படி ஒரு பதில் மின்னஞ்சலில் வந்தால், அதற்கும் அன்றே கால முத்திரை பெற்று வையுங்கள்.