அப்பாவின் ஹெபடைட்டிஸ் பி ரிப்போட்

தம்பி, சுன்னாகத்தில் இருக்கும் அப்பாவுக்கு எட்டு மாதம் கழித்தும் எஸ் ஆன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ், ஆனால் இ ஆன்டிஜன் (வைரஸ் பெருகும்போது இரத்தத்தில் விடும் புரதம்) நெகட்டிவ், ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் போகவில்லை. 6 மாதம் தாண்டியும் எஸ் ஆன்டிஜன் இருந்தால் அது நாட்பட்ட தொற்றுத்தான். இ ஆன்டிஜன் நெகட்டிவை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சில வைரஸ்கள் மரபணு மாறி, அதை உண்டாக்காமலே பெருகும். எங்கள் அண்ணைக்கு அப்படித்தான். அந்த ஒரு வரியைப் பார்த்து இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தோம். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் டிஎன்ஏ அளவைப் பார்த்தபோது லட்சக்கணக்கில் நின்றது. டிஎன்ஏ அளவையும், ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி இரத்தச் சோதனையையும் சேர்த்துப் பார்க்கும்படி டொக்டரிடம் கேளுங்கள். அப்புறம், அம்மாவும் நீங்களும் இரத்தம் சோதித்து, தேவையென்றால் தடுப்பூசி போடுங்கள். அப்பாவின் சவர பிளேட்டை வேறு யாரும் தொட வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது, அதனால் சோற்றுக் கோப்பையை மட்டும் தனியாக வைத்துவிடாதீர்கள், மனிசன் நொந்துபோவார்.