வைரஸ் எச்சரிக்கை மெயில்: புரளியா, நிஜமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: 'இன்விட்டேஷன்' என்ற தலைப்பில் மெயில் வந்தால் திறக்கக் கூடாதாம். ஒலிம்பிக் ஜோதி தோன்றி ஹார்டு டிஸ்க்கையே எரித்துவிடுமாம். மைக்ரோசாஃப்ட், சிஎன்என் பெயரெல்லாம் போட்டிருக்கிறது.

பதில்: புரளி. 2006 வாக்கில் கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. வைரஸ் டேட்டாவை அழிக்கும், டிஸ்க்கைக் கொளுத்தாது. பெரிய நிறுவனத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த நிறுவனத்தின் தளத்திலேயே எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள், மெயிலில் வந்த லிங்க் வேண்டாம்.

கேள்வி: வைரஸ் பற்றி ஒரு மெயில் வந்தது. நம்பலாமா?

பதில்: எந்த மெயில்? தலைப்பும் இல்லை, அதிலிருந்து ஒரு வரியும் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. அந்த மெயிலில் விசித்திரமாகப் படும் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். பழைய புரளி என்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் வைரஸ், அழித்துவிடு என்று நண்பர் எழுதினார். தேடினேன், இருந்தது! அழித்துவிட்டேன்.

பதில்: இருக்கத்தான் செய்யும், விண்டோஸே போட்டு வைத்த ஃபைலாக இருந்தால். 2001-இல் சல்ஃப்என்பிகே.இஎக்ஸ்இ, 2002-இல் ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ என்று இதே தந்திரம் நடந்தது. பின்னதற்குக் கரடி பொம்மை ஐகான், அதைப் பார்த்தே பலர் மிரண்டார்கள். இரண்டும் விண்டோஸின் சொந்த ஃபைல்கள். முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால், கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை டைப் செய்யும் ஜன்னல்) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்து மீட்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓடவிடுங்கள். இனி மெயில் சொன்னது என்று எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அறுபது பேருக்கு ஃபார்வர்டு செய்தேன். நல்லதுதானே?

பதில்: இல்லை. இந்த 'எதற்கும் இருக்கட்டும்' இல்லாவிட்டால் புரளி இரண்டாம் நாளே செத்திருக்கும். சந்தேகம் வந்த பிறகும் விசாரிக்காமல் அனுப்புகிறீர்கள், சரிபார்க்கும் வேலையை அறுபது பேர் தலையில் கட்டுகிறீர்கள். அவர்களும் உங்கள் பெயரைப் பார்த்து நம்பி அடுத்தவருக்குத் தள்ளுகிறார்கள். ஒருவர் பத்து பேருக்கு, அந்தப் பத்து பேரும் தலா பத்து பேருக்கு என்று போனால் ஆறாவது சுற்றில் பத்து லட்சம் மெயில். அப்புறம் இன்னொன்று: அறுபது முகவரியையும் எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டிருப்பீர்கள். அந்தப் பட்டியல் ஸ்பேம் அனுப்புகிறவன் கைக்குப் போனால் அவனுக்குக் கொண்டாட்டம். எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது, பத்து தடவை பொய்யாகக் கூவியவர் பதினோராவது தடவை நிஜமாக எச்சரித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது. நிஜமான எச்சரிக்கையில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அப்டேட் என்று விவரம் இருக்கும். 'உடனே எல்லோருக்கும் அனுப்பு' என்று கெஞ்சாது. அந்த அறுபது பேருக்கும் 'அது புரளி, மன்னிக்கவும்' என்று இன்றே எழுதுங்கள். முகவரிகளைப் பிசிசி-யில் போடுங்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது.

கேள்வி: மெயிலைப் படித்தாலே வைரஸ் தொற்றுமா?

பதில்: 1994-இல் 'குட் டைம்ஸ்' புரளி அப்படித்தான் பயமுறுத்தியது. வெறும் எழுத்தாக வந்த மெயிலில் அது நடக்காது. 1999-இல் 'பபுள்பாய்' என்ற வைரஸ் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஓட்டை வழியாக, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில் மென்பொருளில் நிஜமாகவே அதைச் செய்து காட்டியது, ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு முன்பே வந்திருந்தது. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்குப் பெரும்பாலும் ஆபத்து அட்டாச்மென்ட்டிலும் லிங்க்கிலும்தான்.

கேள்வி: திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, கூடவே ஒரு போன் நம்பர்.

பதில்: போன் செய்யாதீர்கள். பிரவுசரை மூடுங்கள், மூடவில்லையென்றால் டாஸ்க் மேனேஜர் வழியாக. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை.

கேள்வி: புரளியை அனுப்பியவர் என் மேலதிகாரி. எப்படிச் சொல்வது?

பதில்: அவருக்கு மட்டும், இரண்டு வரியில். ரிப்ளை ஆல் வேண்டாம்.

கேள்வி: புரளி என்று ஊரறிந்த பெயரிலேயே அட்டாச்மென்ட் வந்திருக்கிறது. பயமில்லாமல் திறக்கலாமா?

பதில்: கூடாது. 1997-இல் 'ஏஓஎல்4ஃப்ரீ' முதலில் புரளியாகச் சுற்றியது, பிறகு அதே பெயரில் ஃபைல்களை அழிக்கும் நிஜ ட்ரோஜன் (நல்ல புரோகிராம் போல வேஷம் போடும் கெட்ட புரோகிராம்) வந்தது. டெலீட் செய்யுங்கள்.