கடற்கரைத் துப்புரவுக்குக் குழுத்தலைவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊழியர்கள் பெசன்ட் நகர் பக்கம் கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்கள். இதுவரை வெளி அமைப்பு ஒன்று நடத்திக்கொடுத்தது. இனி எங்கள் ஆட்களே நடத்தட்டும் என்று இருபது பேருக்கு அரைநாள் வகுப்பு வைத்தோம். முதல் தடவையே குளறுபடி. ஒருவர் கையைக் கண்ணாடி கிழித்துவிட்டது. வலையை எடுத்ததற்கு மீனவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கட்டிவைத்த மூட்டைகள் மூன்று நாள் அங்கேயே கிடந்து, நாய்கள் பிரித்துப்போட்டன. எப்படிப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்? ஊழியர்களின் நேரத்தைச் சி.எஸ்.ஆர். செலவில், அதாவது நிறுவனம் சமூகப் பொறுப்புக்காகச் செய்யும் செலவில், காட்டலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அரைநாள் வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பிளாஸ்டிக் மட்க எத்தனை காலமாகும், ஆமையின் வயிற்றில் என்ன இருந்தது. அதெல்லாம் கலந்துகொள்ள வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. நடத்துகிறவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: இந்த மணலில் எது குப்பை, வேலையை எப்போது நிறுத்துவது, மூட்டை எந்த வண்டியில் ஏறும்.

வகுப்பை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டு மீதியை மணலில் நடத்துங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, காலை ஆறு மணிக்கு, தலைவர்கள் மட்டும் அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும். மாலையில் போனால் பயனில்லை. படகு கரையேறுவதும் வலை பிரிப்பதும் காலையில்தான். குப்பத்து மீனவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள், அவருடைய நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். கரையில் கிடக்கும் வலையெல்லாம் குப்பை இல்லை. காயப்போட்டது இருக்கும், ஒட்டுப்போட எடுத்துவைத்தது இருக்கும். மிதவையும் ஈயமும் கோத்திருந்தால் தொடவே கூடாது. மணலில் பாதி புதைந்து நைந்துபோனதைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போதும் இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் மணலின் கனம் முதுகைப் பிடித்துவிடும். வெளியே தெரிகிற அளவுக்கு அறுத்தெடுத்தால் போதும். ஊர்ப் பஞ்சாயத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் சண்டை வந்திருக்காது.

அப்படி நடந்து பார்க்கும்போதே இராவணன் மீசைப் புல்லையும் அடப்பங்கொடியையும் அடையாளம் காட்டச் சொல்லுங்கள். சுத்தம் செய்யும் உற்சாகத்தில் களை என்று பிடுங்கிவிடுகிறார்கள். மணலைப் பிடித்துவைத்திருப்பதே அவைதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். அப்போது மண்வாரி, தோண்டுதல் இரண்டும் கூடாது. செத்த ஆமையைக் கண்டால் புதைக்காமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

பத்துப் பேருக்கு ஒரு தலைவர், நூறு மீட்டர் கரை. தலைவர் கையில் சாக்கு இருக்கக் கூடாது. விசில், பெயர்ப்பட்டியல், முதலுதவிப் பை, இவ்வளவுதான். அவரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தால் அலையில் கால் நனைக்கப் போன இரண்டு பேரை யார் பார்ப்பது? தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று தடவை தலை எண்ண வேண்டும். உரச்சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்ப விடக் கூடாது, ஈர மணலோடு தூக்க முடியாது. மெல்லிய பாலித்தீன் கையுறை கண்ணாடிக்குத் தாங்காது. உள்ளங்கையில் ரப்பர் பூசிய தடித்த உறை வேண்டும். சிரிஞ்சையும் உடைந்த பாட்டிலையும் இடுக்கியால் எடுத்து, மூடி போட்ட கெட்டியான கேனில் போட வேண்டும். ஊசி குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சீக்கிரம் தொடங்குவது நல்லது.

இனி கஷ்டமான பகுதி. இருபத்தாறு வயது டெஸ்டர் ஒருவர் தலைவர், அவர் குழுவில் வைஸ் பிரசிடெண்ட். “சார், தண்ணிகிட்டப் போகாதீங்க” என்று சொல்ல அந்தப் பையனுக்கு வாய் வராது. இதை நடித்துப் பழக்காமல் முடியாது. ஊசி குத்துவது, ஆள் காணாமல் போவது, இடி இறங்குவது, மேலதிகாரி பேனரோடு போட்டோ கேட்டு அரைமணி நேரத்தைத் தின்பது என்று ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு பேராக நடிக்க வையுங்கள். நிகழ்ச்சியை ரத்து செய்யும் அதிகாரம் தலைவருக்கே என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். (ஃப்ளெக்ஸ் பேனரே வேண்டாம் என்பது என் கட்சி.) பயிற்சி பெறுகிறவர் முதல் தடவை இன்னொரு தலைவருக்குத் துணை, இரண்டாம் தடவை பயிற்சியாளர் வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்க அவரே தலைவர், அதன் பிறகு தனியாக. இருபது பேரில் பாதிப் பேர் நடுவில் கழன்றுகொள்வார்கள். அதற்கும் சேர்த்தே ஆள் எடுங்கள்.

மூட்டை விஷயம் எளிது, ஆனால் எல்லாரும் கோட்டைவிடும் இடம் அதுதான். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் முன்கூட்டிக் கடிதம் கொடுத்து வண்டி வரும் நேரத்தையும் ஓட்டுநர் எண்ணையும் வாங்குங்கள். மணல் ஒட்டிய பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார், உதறித் தனியாகக் கட்ட வேண்டும். வண்டி கிளம்பும்வரை ஒரு தலைவர் அங்கே நிற்க வேண்டும், மற்றவர்கள் இட்லி சாப்பிடப் போகலாம்.

எத்தனை கிலோ என்று எழுதுவதைவிட என்ன பொருள், எத்தனை என்று எண்ணுங்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கி, இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடலோரத் துப்புரவின் அடிப்படையே இப்படிப் பொருள்வாரியாக எண்ணி எழுதும் அட்டைதான். ஈர மணலோடு நிறுத்த கிலோவை வைத்து எதையும் கேட்க முடியாது. டீக்கப் இத்தனை, ஷாம்பு சாஷே இத்தனை என்று தெரிந்தால் யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியும்.

சி.எஸ்.ஆர். கேள்விக்குப் பதில்: காட்ட முடியாது. ஊழியர்களின் தன்னார்வ உழைப்பைப் பணமாக மதிப்பிட்டு அந்தச் செலவில் சேர்க்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் தந்த விளக்கத்தில் இருக்கிறது. கையுறை, வண்டி, பயிற்சிச் செலவு எதில் சேரும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.